நடுஊற்றை நாங்கள் மூடிய வருஷம்

போன மாதம் இரண்டு இளம் இன்ஜினியர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். கொள்ளிடக் கரையில் இப்போது குழாய் இறக்கி, கரைக்குள் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கிறார்களாம். பழைய ஆள் ஒருவன் திருவானைக்காவலில் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பல்லாம் கரை அரிக்குதுன்னு எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கண்ணாடி டம்ளர்ல" என்றேன்.

காபியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். கிழவன் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் காபி கொடுத்த பிறகு காட்ட முடியாது. அவர்கள் போன பிறகு, டம்ளர் கதையை ஒழுங்காக எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கரைக்காவல் லஸ்கராகச் சேர்ந்தேன். லஸ்கர் என்றால் கரை மேல் நடப்பவன், வேறொன்றும் இல்லை. எனக்கு ஒதுக்கியது கொள்ளிடத்தின் தென்கரையில் இரண்டு மைல். எலி வளை, நண்டு வளை, மாடு ஏறி இறங்கிய தடம், மரவேர் போன பொந்து எல்லாவற்றையும் பார்த்து மண்ணடித்துக் கெட்டிக்க வேண்டும். எட்டு வருஷம் அப்படி நடந்து மேஸ்திரி ஆனேன். மேஸ்திரி ஆனபின்பும் அதே இரண்டு மைலைத்தான் நடந்தேன், கையில் ஒரு ரெஜிஸ்தர் கூடியது.

அந்த இரண்டு மைலுக்கு நடுவில், கரையின் ஊர்ப்பக்கத்து அடிவாரத்தில் ஓர் ஊற்று இருந்தது. பெயர் நடுஊற்று. மூன்று தெருக்களுக்கு நடுவில் இருந்ததால் அந்தப் பெயர். மேற்கே வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்தவர்களின் மேலத்தெரு. கரையை ஒட்டியே சாக்குத் தெரு. அங்கே இருந்த முஸ்லிம் குடும்பங்கள் டவுன் மண்டிகளிலிருந்து கிழிந்த சாக்குகளை வாங்கி வந்து தைத்துக் கொடுப்பார்கள். கிழக்கே கூலி வேலைக்குப் போகிறவர்களின் கீழத்தெரு. கொள்ளிடத்தில் மணல் மட்டுமே தெரிகிற சித்திரை மாதத்திலும் நடுஊற்றில் முழங்கை கனத்துக்குத் தண்ணீர் பொங்கும். ஆற்று மணலுக்கு அடியில் ஓடுகிற தண்ணீர்தான் கரைக்குக் கீழே புகுந்து அங்கே வெளியே வந்தது. கிணறு இல்லாமல் இல்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆகவே மூன்று தெருவுக்கும் குடிக்க, சமைக்க நடுஊற்றுதான்.

எழுத வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். ஊற்றின் வாயில் மேலத்தெருக் குடங்கள் முதலில் இறங்கும். அடுத்தது சாக்குத் தெரு. கீழத்தெருக்காரர்கள் பத்தடி தள்ளி, வழிந்து ஓடும் வாய்க்காலில் மொண்டுகொள்வார்கள். தண்ணீர் ஒன்றுதான், இடம்தான் வேறு. நானும் அதைத் தினம் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தவன்தான்.

நான் மேஸ்திரி ஆன சமயத்தில் எங்கள் செக்ஷனுக்கு வரதன் என்றொரு இன்ஜினியர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒல்லி, ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. சைக்கிளில் வருவார். கேரியரில் குடை, ஹாண்டில்பாரில் வீட்டுத் தண்ணீர் நிரப்பிய கூஜா, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய கண்ணாடி டம்ளர். வந்த முதல் நாளே அதை எடுத்து நடுஊற்றில் மொண்டு, கரைக்கல் மேல் வைத்துவிட்டு, திரும்பி ஆற்றைப் பார்த்தபடி நின்றுகொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

"என்னங்க சார் பண்றீங்க?"

"ஒரு பாசுரம் சொல்லி முடிக்கிற நேரம் தீர்த்தம் அப்படியே நிக்கணும் மேஸ்திரி. அதுக்குள்ள எட்டிப் பார்க்கப்படாது. பார்த்தா மனசு அவசரப்படும்."

பாசுரம் முடிந்ததும் குனிந்து டம்ளரின் அடியைப் பார்த்தார். ஒன்றுமில்லை. "தெளிவு. எழுதிக்கோங்கோ" என்றார்.

கரைக்குப் பின்னால் தண்ணீர் கசிவது பெரிய விஷயமில்லை, என்ன தண்ணீர் கசிகிறது என்பதுதான் விஷயம் என்று அவர் விளக்கினார். தெளிந்து வந்தால் அது வெறும் தண்ணீர். கலங்கி வந்து, டம்ளர் அடியில் மணல் தங்கினால், ஆறு கரையின் வயிற்றை அள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்போதும் கசிவை அடைக்கக் கூடாது. அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஏறி நிற்கும், நிற்கிற தண்ணீரின் கனமே கீழே அமுக்கும், மணல் வருவது நிற்கும். தண்ணீர் மட்டும் மேலே வழிந்து போய்க்கொண்டே இருக்கட்டும்.

ரெஜிஸ்தரில் அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, ஆற்றின் மட்டம், ஊற்று. ஊற்று என்ற பத்திக்குக் கீழே இரண்டே இரண்டு கட்டம்: தெளிவு, கலங்கல். தினம் ஒன்றில் ஒரு டிக் போட வேண்டும். எனக்குப் பாசுரம் தெரியாது. அதனால் நூறு வரை எண்ணுவேன். மழை பெய்தால் எண்பதோடு நிறுத்திக்கொள்வேன், அதை அவரிடம் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். பதினெட்டாம் பெருக்குக்கு முன்பே ஆறு கரை தொட்டு வந்துவிட்டது. முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் அத்தனை மதகையும் திறந்துவிட்டார்கள். மேற்கே ஓரிடத்தில் கரை இளகியதால் வரதன் சார் எங்கள் கொட்டகையில் இருந்த சாக்கு மூட்டைகளில் முக்கால்வாசியோடு அங்கே போய்விட்டார். "நான் வர மூணு நாள் ஆகும். டம்ளரைப் பார்த்துக்கோங்கோ" என்று சொல்லி, டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நடுஊற்றில் லேசாகப் பழுப்பு தெரிந்தது. டம்ளரின் அடியில் மணல் இல்லை, நிறம் மட்டும்தான். அந்த நேரத்தில் மூன்று தெருக்காரர்களும் சேர்ந்து வந்தார்கள். புதுவெள்ளம் வந்து ஊற்று நிறம் மாறினால், ஆற்றுச் சேறு கலக்காமல் இருக்க நாலைந்து நாள் ஊற்றை மூடி வைப்பது அவர்கள் வழக்கம். சாதாரண வருஷங்களில் ஒரு பலகையும் கொஞ்சம் களிமண்ணும் போதும். இந்த வருஷம் வெள்ளம் பெரியதாயிற்றே, மூடியும் பெரியதாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். மேலத்தெரு ரெங்கசாமி, கொடிக்கால்காரர், நல்ல கனத்தில் ஒரு கருங்கல் பலகையை வண்டியில் ஏற்றி வந்திருந்தார்.

"மேஸ்திரி, ஒரு பத்து மூட்டை குடுத்து உதவுங்க. நம்ம ஊத்து கெட்டுப் போயிரக் கூடாது" என்றார்.

கசிவை அடைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் நடுஊற்றை நான் ஒரு நாளும் கசிவாக நினைத்ததில்லை. நான் தினம் குடித்த தண்ணீர் அது. ஆகவே பத்து மூட்டையும் கொடுத்து, நானும் ஒரு கை போட்டு, பலகையை வாய்மேல் இறக்கினோம். சுற்றிலும் மூட்டையும் களிமண்ணும் வைக்கோலும் வைத்து மிதித்தோம். குழந்தையை மழைக்குப் போர்த்துகிற பதற்றம் எல்லோர் முகத்திலும் இருந்தது. கடைசியில் சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நடுவில் ரெங்கசாமி வீட்டிலிருந்து எனக்குக் காபிகூட வந்தது.

அன்று மாலை ரெஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெளிவா, கலங்கலா? மொண்டு பார்க்கத் தண்ணீரே இல்லை. கலங்கல் என்று போட மனம் வரவில்லை. தெளிவு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மறுநாளும் அப்படியே போட்டேன்.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சாக்குத் தெரு ஜைனம்பு கரைமேல் ஏறி வந்தார். சாக்கு ஊசி பிடித்துக் காய்த்த கை, யாரிடமும் அதிகம் பேசாதவர். புருஷன் டவுனுக்குப் போயிருந்தார்.

"மேஸ்திரி, என் அடுப்புல தண்ணி வருது."

"மழைத் தண்ணி இறங்கியிருக்கும்க்கா."

"மழை கூரையிலேர்ந்துல்ல வரணும்? இது அடுப்புக்கு அடியிலேர்ந்து வருது. சாம்பலைத் தள்ளிக்கிட்டு வருது."

"கரையோரத்து வீடு. கொஞ்சம் ஓதம் இருக்கத்தான் செய்யும்."

அவர் வாதாடவில்லை. மூடியிருந்த கையைத் திறந்து காட்டினார். ஈரச் சாம்பலுக்கு நடுவில் வெள்ளையாக மணல். சோற்றில் போடும் உப்பு மாதிரி பொடிமணல்.

"எங்க தெருவுல ஏதுங்க மணலு? பூரா களிமண்ணுதானே. இது கொள்ளிடத்து மணலு" என்றார்.

அந்த மணலை விரலால் நெருடிப் பார்த்தேன். அதே சமயம் கரையில் மணிச் சத்தம் கேட்டது. வரதன் சார் சேறு அப்பிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மூவரும் ஜைனம்புவின் வீட்டுக்கு ஓடினோம். அடுப்பு இருந்த இடத்தில் சாண் அகலத்துக்குக் குழி. அதில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சார் டம்ளரை வாங்கி மொண்டு வாசல் நிலையில் வைத்தார். திரும்பி நின்றார். அன்றைக்கும் முழுப் பாசுரத்தையும் சொல்லி முடித்தார், ஒரு வரி குறைக்கவில்லை. குனிந்து பார்த்தபோது டம்ளரின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல்.

"ஊத்து எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"மூடியிருக்குங்க சார்."

"யார் மூடினா?"

"ஊர்க்காரங்க. நான்தாங்க மூட்டை குடுத்தேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரல் உயரவே இல்லை. "சரி. மொதல்ல அதைத் திறக்கணும். இல்லேன்னா இந்தக் குழி பெருசாகி, சாயங்காலத்துக்குள்ள கரை உட்கார்ந்துடும். மூணு தெருவும் இருக்காது" என்றார்.

ஊற்றடிக்குப் போனால் அங்கே ரெங்கசாமி பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். செய்தி எங்களுக்கு முன்பே போயிருந்தது.

"திறக்க விடமாட்டேங்க. மூணு தெரு குடிக்கிற தண்ணி. ஆத்துச் சேத்தை இதுல ஏத்தச் சொல்றீங்களா? கரையில ஓட்டைன்னா கரையை அடைங்க."

சார் டம்ளரை அவர் கையில் கொடுத்தார். "அடியில இருக்கறது என்னன்னு பாருங்கோ. அது நம்ம கரைதான். கொஞ்சம் கொஞ்சமா ஜைனம்பு அம்மா அடுப்பு வழியா வந்துண்டிருக்கு."

ரெங்கசாமி டம்ளரைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், எழுந்திருக்கவில்லை. நானும் கெஞ்சினேன். மூடியபோது கூட நின்றவன் இப்போது திறக்கச் சொன்னால் என்ன மதிப்பு? என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சார் மட்டும் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.  பிறகு ரெங்கசாமியின் முகம் மாறியது. உள்ளங்கையைப் பலகையில் பதித்தார்.

"கல்லு துடிக்குதுங்க" என்றார்.

அடியில் அடைபட்ட தண்ணீர் பலகையை முட்டிக்கொண்டிருந்தது. அவரே எழுந்து விலகிக்கொண்டார். கீழத்தெரு வீரனைக் கூப்பிட்டேன், கரை வேலையில் அவன் அளவுக்குக் கடப்பாரை பிடிக்க ஆள் கிடையாது. அதுவரை ஊற்றின் வாயில் கால் வைத்திராதவன் தயங்கி ரெங்கசாமியைப் பார்த்தான். "போடுப்பா, போடு" என்றார் ரெங்கசாமி.

நாலாவது நெம்பலில் பலகை புரண்டது. சாம்பல் நிறத்தில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழும்பிற்று. கூட்டத்தில் சில பெண்கள் அழுதார்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் அழுவது போல அழுதார்கள்.

வட்டம் கட்ட மூட்டை வேண்டும். கொட்டகையில் இருந்தது முப்பதோ என்னவோ. அப்போது ஜைனம்பு தன் தெருவைப் பார்த்து, "தைச்சது, தைக்காதது எல்லாத்தையும் எடுத்தாங்க. மண்டிக்காரங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று குரல் கொடுத்தார். அதிகம் பேசாதவர் என்றேனே, அன்று அவர் குரல் கரை முழுக்கக் கேட்டது. வீடு வீடாகச் சாக்குக் கட்டுகள் வந்தன. மேலத்தெரு ஆண்கள் மண் வெட்ட, கீழத்தெருப் பெண்கள் அள்ளிப் போட, சாக்குத் தெருக்காரர்கள் வாயைத் தைத்துத் தள்ளினார்கள். எவன் தோளில் இருந்த மூட்டையை எவன் வாங்கினான் என்று அன்று யாரும் பார்க்கவில்லை. ஊற்றைச் சுற்றி ஒரு வட்டம், ஜைனம்புவின் அடுப்படியில் இன்னொரு வட்டம். அடுப்படி வட்டத்துக்கு இடம் போதவில்லை. சுவரை இடிக்க வேண்டும் என்று சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இடிங்க" என்றார் ஜைனம்பு. இடித்தோம். நனைந்த மண்சுவர், பாதிக் கூரையும் சேர்ந்து விழுந்தது.

வட்டம் முழங்கால் உயரம் வந்தபோது டம்ளரில் அரை விரல் மணல். இடுப்புக்கு வந்தபோது நகக்கண் அளவு. சார் ஒவ்வொரு முறையும் டம்ளரை வைப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார். கூஜாவை எப்போதோ யாரிடமோ குடிக்கக் கொடுத்திருந்தார். தொண்டை காய்ந்து பாசுரம் வராமல் திணறியபோது வீரனின் மனைவி ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினாள். வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு வட்டமும் நெஞ்சு உயரம் நின்றன. விளிம்பில் தண்ணீர் வழிந்தது. டம்ளர் சுத்தமாக இருந்தது.

அன்று எனக்கு வரதன் சார் மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவர் ரெஜிஸ்தரைக் கேட்டு வாங்கினார். இரண்டு நாள் டிக்கையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன தெளிவு மேஸ்திரி?"

"தண்ணியே வரலீங்க சார். கலங்கல்னு போட மனசு வரல."

ரெஜிஸ்தரை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். விசாரணைக்கு மேலதிகாரி வந்தபோது, வேலை போயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சார் எழுந்து, "படிவம் நான் போட்டது. ஊத்தை மூடினா எங்கே எழுதறதுன்னு அதுல இடமே இல்லை. தப்பு அங்கேர்ந்து ஆரம்பிக்கறது" என்றார். எனக்கு ஓர் எச்சரிக்கை மெமோ, அவருக்கும் ஒன்று. புது ரெஜிஸ்தரில் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது.

வெள்ளம் வடிந்ததும் ஊற்றைக் கல்லும் மண்ணும் போட்டு ஒரேயடியாகத் தூர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. சார் விடவில்லை. அடியில் ஜல்லியும் மணலும் பரப்பி, மேலே திறந்தபடி ஒரு வட்டச் சுவர் கட்டினால் கரைக்கும் நல்லது, ஊருக்கும் தண்ணீர் என்று எழுதி அனுமதி வாங்கினார். சுவரில் மூன்று தெருவைப் பார்த்து மூன்று குழாய், மூன்றும் ஒரே மட்டத்தில். வெள்ளத்தன்று தோளோடு தோள் நின்ற ரெங்கசாமி, தண்ணீர் வடிந்ததும் பழையபடி ரெங்கசாமி ஆகிவிட்டார். மேலத்தெருக் குழாயை மட்டும் ஒரு சாண் உசத்தி வைக்கச் சொன்னார்.

"தாராளமா வைக்கலாம். ஆனா உசரத்துல இருக்கற குழாய்க்குத் தீர்த்தம் ஏறாதே. மத்த ரெண்டு தெருவுக்கும் போயிடும்" என்றார் சார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மூன்று குழாயும் ஒரே மட்டத்தில்தான் நின்றன.

எல்லாம் நன்றாக முடிந்தது என்றுதான் ஊரிலும் துறையிலும் சொன்னார்கள். எனக்கு மட்டும் நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். அடுப்பு போனவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜைனம்புவும் புருஷனும் கரையை விட்டுத் தள்ளிப் புது வீடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் போய் வாசலில் நின்றேன். உள்ளே கூரை இன்னும் வேயவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து களிமண்ணைப் பிசைந்து புது அடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க வீடு போனதுக்குக் காரணம் நான்தான். ஊத்தை மூடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே மூட்டை குடுத்தேன். ரெஜிஸ்தர்லயும் தெளிவுன்னு பொய் எழுதினேன்."

அவர் பிசைவதை நிறுத்தவில்லை.

"பலகையை இறக்கினப்ப ஒரு இடுக்குல மட்டும் தண்ணி கசிஞ்சிக்கிட்டே இருந்துச்சு, ஞாபகம் இருக்கா மேஸ்திரி? நீங்கல்லாம் எத்தனை மிதிச்சும் நிக்கல. அதுக்குள்ள உங்களுக்குக் காபி வந்துச்சு, நீங்க அந்தாண்ட போயிட்டீங்க."

"அப்புறம் நின்னுடுச்சே."

"நிக்கல. நிறுத்தினேன். புது அடுப்புப் போடறதுக்கு நாலு நாளாப் புளிக்க வச்சிருந்த மண்ணு, அம்புட்டையும் கொண்டாந்து அந்த இடுக்குல அப்பினேன். நல்லா வேலை செஞ்சோம்னு வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்கினேன்."

 கண் கலங்கியதை மறைக்கத் தோன்றவில்லை. அவர் ஒரு உருண்டை களிமண்ணை என் பக்கம் தள்ளினார்.

"கையைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. சட்டி உட்கார்ற குமிழு, அந்தப் பக்கத்ததை நீங்க பிடிங்க."

உட்கார்ந்து பிடித்தேன். கரைக்கு மண்ணடித்துப் பழகிய கைக்கு அடுப்பு வேலை வசப்படவில்லை. என் பக்கம் ஒரு விரல் தாழ்ந்துவிட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி இடித்துச் செய்கிறேன் என்றேன்.

"இருக்கட்டும் மேஸ்திரி" என்றார் ஜைனம்பு. "சட்டி கொஞ்சம் சாஞ்சு நிக்கும். சோறு வெந்துரும்."